நிழலை அவிழ்த்த சனிக்கிழமை

கிழக்கு வெளுப்பதற்குள் திரினிதாத் நிழலைப் பாதி இழுத்துவிட்டாள். உப்பு ஊறிய கயிறு உள்ளங்கையின் பழைய வெடிப்புகளைத் தேடித் தேடிக் கடித்தது. மூன்று வாரத்தில் அழுகிப்போன ஓலைகளைக் கூட்டாளி ஒலேகாரியோ அறுத்தெறிந்துவிட்டுப் பச்சை ஓலைகளைக் கட்டினான். அடியில் பாறாங்கல், மேலே மிதக்கும் பிளாஸ்டிக் குடங்கள், நடுவில் தொங்கும் பனையோலை. இதைத்தான் அந்தக் கரையில் நிழல் என்பார்கள். வெட்டவெளிக் கடலில் நிழல் கண்டால் பொடிமீன் ஒதுங்கும், பொடிமீனைத் தின்னப் பாறைமீன் வரும், பாறைமீனுக்குப் பின்னாலேயே பொன்னிறத் தொராதோ மீன் வரும்.

ஒவ்வொரு வீட்டு நிழலிலும் அந்த வீட்டுத் துணி பறக்கும். கேட்டுவிட்டு யாரும் அங்கே தூண்டில் போடலாம். ஆனால் கல்லில் போட்ட முடிச்சை, போட்ட கைகள்தான் அவிழ்க்க வேண்டும். திரினியின் முடிச்சு அவளும் அவள் தம்பி நிக்கானோரும் சேர்ந்து போட்டது. அப்போது அவன் ஓட்டல் வேலைக்குப் போயிருக்கவில்லை.

சூரியன் தலைகாட்டியதுமே ஓட்டலின் வெள்ளைப் படகு அலையைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சுக்கான் சக்கரத்தில் நிக்கானோர். பின்னால் பட்டை கட்டிய நாற்காலிகளில் மூன்று வெளியூர்க்காரர்கள், ஆளுக்கொரு தூண்டில்கோலோடு.

"யாரக் கேட்டுடா வந்த?"

"மொதலாளி அனுப்பினாரு. எனக்கு மட்டும் ஆசையா?"

"சக்கரம் உன் கையிலதான இருக்கு? திருப்பத் தெரியாதா?"

"திருப்பினா நாளைக்கு வேற ஒருத்தன் கையில இருக்கும்க்கா."

அவள் தண்ணீரில் காறித் துப்பினாள். சட்டம் அப்படி. கரையிலிருந்து ஐம்பது மைலுக்குத் தொராதோ முழுக்க விளையாட்டுக்குப் பிடிப்பவனுக்கே சொந்தம். வயிற்றுக்குப் பிடிப்பவன் தொட்டால் குற்றம். நிழல் கட்டுவது இவள், மீன் அவனுக்கு. என்ன நியாயமோ!

அன்று பாறைமீனுக்குப் போட்ட தூண்டிலில் நான்கு தொராதோ சிக்கின. நான்கும் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தன. பிடுங்கிய வேகத்தில் செத்துப்போய், பொன்னாக மின்னியவை கண்ணெதிரே சாம்பலாகின. செத்த மீனைக் கடலில் எறிவதா? அந்தக் கரையில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. திரினி நான்கையும் ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள்.

கரையில் மீன்வளத்துறை அதிகாரி காத்திருந்தான். நேராக வந்து சாக்கைத்தான் தூக்கினான்.

"படகு, எஞ்சின் ரெண்டும் பறிமுதல்."

"செத்த மீனுங்கய்யா, வீட்டுக் கொழம்புக்கு."

"சட்டத்துல கொழம்புன்னு ஒண்ணும் போடலம்மா."

படகைச் சங்கிலியால் கம்பத்தில் பூட்டினார்கள். அந்தப் படகு இல்லாவிட்டால் திரினிக்கும் ஒலேகாரியோவுக்கும் வேறு பிழைப்பே கிடையாது.

மத்தியானம் அவள் ஓட்டல் படித்துறைக்குப் போனாள். எடைக்கம்பத்தில் பதினொரு தொராதோ தலைகீழாகத் தொங்கின. படம் எடுத்துக்கொண்டவர்கள் குடிக்கப் போய்விட்டார்கள், ஈ மொய்த்தது. ஓட்டல்காரர் தோன் எர்னான் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

"சட்டம் நான் எழுதினதில்ல திரினி."

"எழுதினவங்களுக்கு விருந்து வச்சது நீங்கதான?"

அவர் சிரித்தார். "வாய் மட்டும் குறையல. சனிக்கிழமை பெரிய போட்டி. நாப்பது படகு வருது. உங்க ஆளுங்க நிழல் எங்கெங்க கிடக்குன்னு ஒரு தாள்ல குறிச்சுக் குடு. ஒரு போன் போடறேன், படகு நாளைக்கே உன் கையில."

"போன்ல தொறக்குற பூட்டு, போன்லதான் பூட்டினதா?"

சிரிப்பு நின்றது. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம். அப்புறம் படகு ஏலத்துக்குப் போயிடும். வேணும்னா இங்க மீன் கழுவ வா."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் பொழுது சாய்கையில் ஐஸ் கொட்டகைக்கு வந்தாள். ஊர்ப் படகுக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். நடந்ததைச் சொன்னாள்.

"குடுத்துடு," என்றான் பெர்மின். பெரிய குடும்பக்காரன், வாய்த்துடுக்கும் அதிகம். "படகு உன்னோடது, பூட்டு உன்னோடது. சாக்குல சுத்துறப்போ எங்களக் கேட்டியா?"

"கேக்கல. குடுத்தா ஒன்னோட நிழலும்தான் அந்தத் தாள்ல இருக்கும், பரவால்லயா?"

பெர்மின் போய் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"அந்த ஆளு தாளு கேக்குறான்னா என்ன அர்த்தம்?" திரினியின் குரல் உயர்ந்தது. "நம்ம நிழல் இல்லாம அவனால ஒரு மீனக்கூடக் காட்ட முடியாது. நாம கட்டினதத்தான் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருக்கான். அவுத்துடுவோம். எல்லாத்தையும். சனிக்கிழமை விடியறதுக்குள்ள."

"பாறைமீனும் போயிடுமே? நம்ம சோறு?" என்றார் ஒருவர்.

"போகும்," என்றாள். "ஒரு மாசம் போகும். பொய் சொல்லல."

சத்தம் கூரையைப் பிய்த்தது. ஏசினார்கள், எழுந்து போனார்கள், திரும்பி வந்தார்கள். கடைசியில் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பெர்மினின் கை உயரவில்லை.

சனிக்கிழமை விடிய வெகுநேரம் இருக்கும்போதே பதினான்கு படகுகள் கிளம்பின. திரினி மட்டும் மணலில் நின்றாள். பச்சைத் துணி பறக்கும் அவள் நிழல் இன்னும் கடலில்தான் கிடந்தது. பாதி முடிச்சு தம்பியுடையது, தனியாகத் தொட முடியாது. ஊரையே அவிழ்க்கச் சொல்லிவிட்டுத் தன்னுடையதை மட்டும் விட்டுவைப்பதா? வெட்கத்தில் தலையை நிமிர்த்த முடியவில்லை.

வெள்ளைப் படகு ஒன்று விளக்கில்லாமல் கரையை ஒட்டி வந்தது.

"ஏறு. ரெண்டு பேரு போட்டது, ரெண்டு பேருதான் அவுக்கணும்," என்றான் நிக்கானோர்.

"வேலை?"

"போச்சு. மத்த ஓட்டுநருங்களும் சாவியச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு உக்காந்துட்டானுங்க. ஏறுக்கா, நேரமாவுது."

ஒரு பருவம் முழுக்க அவனோடு முகம்கொடுத்துப் பேசாமலிருந்தவள் அவன் கையைப் பிடித்து ஏறினாள். நடுக்கடலில் தோளோடு தோள் முட்ட இழுத்தார்கள். கல் மேலே வந்தபோது இருவர் கையும் ரத்தமாயிருந்தது.

ஏழு மணிக்குப் படித்துறையில் போட்டிக்காரர்கள் கோல்களோடு நின்றார்கள். எடைக்கம்பத்தின் அடியில் பனையோலை ஆளுயரத்துக்குக் குவிந்து நாறிக்கொண்டிருந்தது. அடுத்த ஓலைக்கட்டைச் சுமந்து வந்து பொத்தென்று போட்டவன் பெர்மின். திரினி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னடி இது குப்பை?" என்று கத்தினார் தோன் எர்னான்.

"உங்க மீனுங்க குடியிருந்த வீடு. நாங்க கட்டினது, நாங்களே பிரிச்சுட்டோம்."

"எல்லாரையும் உள்ள தள்ளுவேன்!"

அவர் பக்கத்தில் நின்ற அதிகாரி காகிதங்களைப் புரட்டினான். பனையோலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை போலிருக்கிறது. தலையைச் சொறிந்தான்.

தூரத்தில் சங்கிலியில் கிடந்த படகை அலை வந்து வந்து தட்டிக்கொண்டிருந்தது. பூட்டு அப்படியேதான் இருந்தது. திரினி ஈர ஓலைமேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் தம்பி உட்கார்ந்தான். ஒலேகாரியோ வந்தான், ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"நிழல் எப்ப திரும்பக் கடலுக்குப் போகும்?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் ஓட்டல்காரர்.

"படகு வந்தாப் போகும்," என்றாள் திரினி.

"எந்தப் படகு? இவ படகா?" என்று மற்றவர்களைப் பார்த்தார் அவர்.

"எங்க படகு," என்றான் பெர்மின்.