பின்கதவில் ஒரு கைத்தடம்

அவரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர் இல்லை. அவர் பெயிண்ட் அடித்த வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால் வந்த பெயர். தகட்டில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பு. "இங்க ஒரு மயிரிழை ஏறியிருக்கு" என்பார். ஏறியிருக்கும்.

ஆறு மாதமாக அந்தக் கை சரியில்லை. மணிக்கட்டில் வலி, விரல் நுனிகளில் மரமரப்பு. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டதும் பட்டறையின் பின்னறைக்குப் போய் மணிக்கட்டிலிருந்து விரல்வரை வலித் தைலம் தேய்த்துக்கொள்வார். பட்டறையின் தின்னர் நெடியில் தைல வாடை யாருக்குத் தெரியப்போகிறது?

பட்டறையில் அவருக்குக் கூட்டு அவர் மச்சினன், மனைவியின் தம்பி. பதினோரு வருடமாகச் சேர்ந்து வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், கடைசியில் துடைத்துச் சுத்தம் செய்வதும் மச்சினன் பொறுப்பு. நாற்பது வயதிலும் தலை கொள்ளாத முடி அவனுக்கு. தினமும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, வேலை செய்யும்போது தொப்பியும் போட்டுக்கொள்வான்.

அப்போது பட்டறைக்கு வந்தது நாற்றுப்பண்ணை நடத்தும் ஓர் அம்மாவின் பிக்கப் வண்டி. "ரோட்டுல எல்லா வண்டியும் ஒரே அச்சா இருக்கு. என்னோடது என்னோடதா இருக்கணும்" என்றார் அந்த அம்மா. பின்கதவில் கம்பெனி பெயர் புடைத்திருந்த தகட்டை வெட்டியெடுத்துவிட்டு மொழுமொழுவென்று புதுத் தகடு வைத்தார்கள். சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவுகளை நான்கு விரற்கடை அகலப்படுத்தினார்கள். வெல்டிங், அதன்மேல் மேடு பள்ளத்தை நிரப்பப் பட்டி, பட்டியைத் தேய்த்து பிரைமர், பிரைமரையும் தேய்ப்பு. மூன்று வாரம் ஓடிப்போனது.

முதலில் பின்கதவுக்குக் கலர் அடிப்பது என்று முடிவானது. மதியம் மச்சினன் அதைத் துடைத்து முடித்து, "ரெடி மாமா" என்றான். கண்ணாடி பின்னறையிலிருந்து வந்து, பழக்க தோஷத்தில் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு ஸ்ப்ரே கன்னை எடுத்தார்.

கரும்பச்சை விழுந்த வேகத்திலேயே விலகி விலகி ஓடியது. கதவெங்கும் மீன் கண் மாதிரி குழிகள். அடியில் எண்ணெய்ப் பசை இருந்தால்தான் அப்படி ஆகும்.

பண்ணையம்மா வண்டியைப் பார்க்க வந்து நின்றது அந்த நேரத்தில். "என்ன இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

கண்ணாடிக்கு முகம் சுண்டிப்போனது. வாய் முந்திக்கொண்டது. "என் மச்சினன் வேலைங்க. தலை நிறைய எண்ணெயை அப்பிக்கிட்டு வருவான். அதே கையால துடைச்சா வேற என்ன ஆகும்?"

"நான் கையுறை போட்டுத்தான் துடைச்சேன் மாமா."

"துடைச்ச லட்சணம்தான் தெரியுதே."

பண்ணையம்மா சிரித்துவிட்டார். மச்சினன் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

அந்த அம்மாவும் போன பிறகு கண்ணாடி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கதவைப் பார்த்தார். குழிகள் கண்டபடி சிதறியிருக்கவில்லை. நான்கு வரிசை, சற்றே வளைந்து, இடமிருந்து வலமாகப் போயின. கீழே தனியாக ஒரு வரிசை. தொடாமல் தன் கையை அதற்கு நேராக நீட்டினார். விரலுக்கு விரல் பொருந்தியது. கையை முகர்ந்து பார்த்தார். தைலம்.

பட்டறையில் யாரும் இல்லை, ஆனாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தின்னரில் துணியை நனைத்து ஈரப் பெயிண்டை முழுக்கத் துடைத்தெடுத்தார். எப்படியும் செய்யவேண்டிய வேலைதான். ஆனால் இவ்வளவு அவசரமாக எதற்குத் துடைத்தார் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டில் மனைவி கேட்டாள். "தம்பி போனை எடுக்க மாட்டேங்கறான். ஏதாவது சண்டையா?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வருவதற்குள் மச்சினன் வந்து கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தொப்பி இல்லை. தலையில் ஒரு முடிகூட இல்லை. சுத்தமாக மழித்திருந்தான், காதுக்கு மேலே பிளேடு கீறிய கோடு ஒன்று.

"இனிமே எண்ணெய்னு சொல்ல முடியாதுல்ல" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. தேய்த்து முடித்தான், கையுறை போட்டுக்கொண்டு இரண்டு தடவை துடைத்தான், விலகி நின்றான். "தடவிப் பாருங்க மாமா. இன்னிக்கும் ஏதாவது ஆச்சுன்னா எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

கண்ணாடிக்குக் கை எழவில்லை. கீழே ஒரு பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தார்.

"நீ இல்லடா. என் கை. தைலம் போட்டிருந்தேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

பொய் சொல்ல ஒரு கணம் நாக்கு புரண்டது. "நீ போன அரை மணி நேரத்துல."

மச்சினன் வெறும் தலையைத் தடவிக்கொண்டான். "அக்கா பண்ணினப்ப எடுக்கலதான். நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா எடுத்திருப்பேனே மாமா. நைட்டு ஒன்பது மணி வரைக்கும் சலூன் திறந்துதான் இருந்துச்சு, நான் வாசல்ல நின்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

கண்ணாடி போனை எடுத்து, மச்சினனுக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்து, பண்ணையம்மாவைக் கூப்பிட்டார். தப்பு என்னுடையது, தெரிந்தபிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இரண்டையும் சொன்னார்.

"அய்யய்யோ, பண்ணையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சுட்டேனே" என்றார் அந்த அம்மா.

"வண்டியை விட வரும்போது நானே வந்து அவங்ககிட்ட சொல்லிடறேங்க."

அன்று அவர் கலர் மட்டும் அடித்தார். தடவிப் பார்த்தது மச்சினன், கையுறையோடு. பச்சை சீராக விழுந்தது. வேலை நல்லபடியாகத்தான் முடிந்தது. வண்டியை விடப் போன அன்று, சொன்ன மாதிரியே, மண் பிசைந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னார். பாதிப்பேருக்கு அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியவில்லை. மச்சினன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

மனைவியிடம் சொன்னது அன்றிரவு சாப்பாட்டின்போது. அவள் கேட்டுக்கொண்டே பரிமாறினாள். கையைப் பற்றியும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டாக்டர்கிட்ட போகும்போது தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க உள்ளதைச் சொல்ல மாட்டீங்க."

அவர் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.