பல்லில்லாதவருக்கு நோயில்லையாம்

கொச்சிக்கடை மண்டபமொன்றில் பல் முரசு நோய்க் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பல்லுக்கும் முரசு என்கிற ஈறுகளுக்கும் இடையில் அளவுக் கம்பியை விட்டு டொக்டர் நமசிவாயம் ஆழம் சொல்ல, தாதி சுபாஷினி பதிந்தாள். இலவசமாகப் பிரஷ் கொடுத்தே இந்தப் பகுதியில் நோயை விரட்டிவிட்டதாக மேலிடத்தில் ஏற்கெனவே மார்தட்டியிருந்தார் அந்த மகான். இனிக் கணக்கு அவருடைய சொல்லுக்கேற்ப வரவேண்டியதுதான் பாக்கி.

துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் பஸீர் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லும் இல்லை.

"நோயில்லை எண்டு போடும்," என்றார் டொக்டர்.

சுபாஷினி பதியாமல் பேனையை நிறுத்தினாள். "முரசு கரைஞ்சுதானே டொக்டர் இவருக்குப் பல் போனது? கணக்கில சேர்க்காமலாவது விடுவமே?"

"அளக்கப் பல்லில்லை, அப்ப நோய் வருத்தமும் இல்லை. ரிப்போட்டில சைன் வைக்கிறது நானோ, நீரோ?"

"எல்லாம் ஆடி ஆடி உழுந்திட்டு டொக்டர்," என்றார் பஸீர். "இப்ப மகள் பஹ்மாட முரசிலயும் ரெத்தம் வருது. இங்க கிளினிக் ஒண்டு தாறண்டு சொன்னீங்களே?"

"வருத்தம் கூடின இடத்துக்குத்தான் கிளினிக். இஞ்ச குறைவு."

பஸீர் எழுந்து போனார். பல்லில்லாத அந்த வாய் உண்மை சொன்னது. படித்த வாய்க்குத்தான் பொய் சொல்லக் கூசவில்லை.

அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில் புட்டைப் பிசைந்தபடி, பஸீரின் கதையையும் மகளின் கதையையும் சொல்லி, தன் கெட்டித்தனத்தை மனைவி அருந்ததியிடம் அளந்தார் டொக்டர். முரசு நோயால் நாற்பது வயதுக்குள் பல்லெல்லாம் இழந்து, கட்டுப்பல் வைத்திருப்பவள் அருந்ததி. ஊரார் வாயை எண்ணிப் பெயரெடுத்தவருக்கு வீட்டிலிருந்த வாயைப் பார்க்க நேரம் கிடைத்ததேயில்லை.

அவள் கட்டுப்பல்லைக் கழற்றி அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். கன்னம் குழிந்து, சொல் குழறியது.

"என்னையும் எழுதுங்கோ. நானும் நோயில்லாத ஆள்தானே?"

அவர் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பிள்ளைக்கும் இப்பிடி வரவேணுமோ?"

புட்டு அப்படியே கிடந்தது. டொக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தார். பல்லிழந்தவர்களை நோயில்லாதவர் கணக்கிலிருந்து எடுத்து, நோயால் பல்லிழந்தவர் என்று தனியே காட்டினார். நோய் வீதம் கிடுகிடுவென்று ஏறியது. மார்தட்டியதெல்லாம் காற்றில் போயிற்று. போகட்டும். கடைசியில், கொச்சிக்கடைக்குக் கிளினிக் உடனடியாகத் தேவை என்று எழுதினார்.

அருந்ததி அதை வாசித்துவிட்டுச் சொன்னாள்: "எது நோய் எண்டதை வசதிக்கு மாத்தினால் கணக்குத்தான் குறையும், நோய் குறையாது. சனத்தைக் காப்பாத்தத்தான் அளக்கிறது. உங்கட பேரைக் காப்பாத்த இல்லை."