ஐகானை எடுத்தால் அடங்கிவிடுவேனா

என் கம்ப்யூட்டரிலிருந்து ஆள் கணக்கு புரோகிராமின் ஐகானை எடுத்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று மேனேஜர் ராமலிங்கம் நினைத்தார். நல்ல நினைப்பு. ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசில் ஆறு வருஷமாக ரிப்போர்ட் எடுத்துத் தருகிறவள் நான். அந்த மனுஷனுக்கோ கம்பெனிக் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் என்றால் திரையில் இருக்கும் அந்த நீல ஐகான்தான்.

விஷயம் முத்துமாரியுடையது. ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஸ்டிச்சிங்கில் தைக்கிறவள். போன மாதம் தோல் வெட்டும் கட்டிங் மிஷினில் அவள் வலது கையின் இரண்டு விரல் நசுங்கிப்போயிற்று. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மிஷின் இறங்கும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பட்டனை டேப் சுற்றி அழுத்தியே வைத்திருப்பது எங்கள் கம்பெனியின் கெட்டிக்காரத்தனம். தோலைப் பிடித்திருந்த கை உள்ளே இருக்கும்போதே இறங்கிவிட்டது.

அவளை யாரும் அங்கே அனுப்பவில்லை, தானாகப் போய் விளையாடினாள், ஆகவே வேலையிலிருந்து நீக்கம் என்றார்கள். விளையாடினாளாம்! இரண்டு பிள்ளை பெற்றவள் மிஷின் முன்னால் பாண்டி ஆடினாளா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒரு ஆளை லைன் மாற்றினால், அதாவது வேறு பிரிவுக்கு அனுப்பினால், அதை சர்வரில் ஏற்ற வேண்டும். யார் ஏற்றினார், எப்போது, பிறகு யார் திருத்தினார் என்பதெல்லாம் தானாகவே தனிப் பட்டியலில் விழும். புரோகிராமின் திரையில் அந்தப் பட்டியல் தெரியாது. அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவளை மாற்றிய என்ட்ரி இருந்ததே சார் என்று மட்டும் ராமலிங்கத்திடம் கேட்டேன். மறுநாள் காலையில் ஐகானைக் காணோம்.

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் சௌந்தரம் மேடம் வந்திருந்தார். முத்துமாரி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ராமலிங்கம் திரையில் அவள் பெயரைக் காட்டினார். விபத்து நடந்த அன்று முழுக்க ஸ்டிச்சிங் என்றே இருந்தது. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

நான் லேப்டாப்போடு உள்ளே போனேன். யாரும் கூப்பிடவில்லை.

ராமலிங்கம் சிரித்தார். "உன்கிட்டதான் அந்த புரோகிராமே இல்லியே ஹேமலதா, இன்னாத்த காட்டப் போற?"

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தேன். சர்வர் எங்கே இருக்கிறது, எந்தப் பெயரில் நுழைகிறேன், எந்த டேட்டாபேஸ், எல்லாம் ஒரே வரியில். ரிப்போர்ட்டுக்காகக் கம்பெனியே எனக்குக் கொடுத்த பெயர் அது, படிக்க மட்டும் உரிமை. அதை ரத்து செய்ய எவருக்கும் தோன்றவில்லை. பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. ஒன்றுமே வரவில்லை பாருங்கள் மேடம் என்றார் ராமலிங்கம். முதல் தடவை தப்பாகிவிட்டது. பயமா என்றால் பயம்தான். அதற்காக விடுவேனா? மறுபடி அடித்தேன். சர்வர் உள்ளே விட்டது.

அந்தத் தனிப் பட்டியலைத் திறந்து முத்துமாரியின் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு வரி வந்தது. உரக்கப் படித்தேன். காலை பதினொன்று நாற்பது, ஸ்டிச்சிங்கிலிருந்து கட்டிங்குக்கு மாற்றம், மாற்றியவர் ராமலிங்கம். மாலை ஐந்து பன்னிரண்டு, அந்த மாற்றம் நீக்கம், நீக்கியவர் ராமலிங்கம். அவள் விரல் போனது பன்னிரண்டரைக்கு.

ஆய்வாளர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அந்த இரண்டு வரியையும் எழுதிக்கொண்டார். பிறகு காகிதத்தை முத்துமாரியிடம் நீட்டினார். அவள் இடது கையால், எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

"நான் பொய் சொல்லலக்கா," என்றாள் என்னைப் பார்த்து.

"நாளைலர்ந்து நீ வர வேணாம்," என்றார் ராமலிங்கம், அவரும் என்னைப் பார்த்துத்தான்.

"அதையும் சர்வர்ல ஏத்திடுங்க சார்," என்றேன். "உங்க பேரும் நேரமும் தானா விழுந்துடும்."