சாவி வரும் வரை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் மாலில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். என் மகள் கெல்சி அங்கே ஷூ கடையில் வேலை பார்க்கிறாள். "ஸ்டோர் ரூம்ல பூட்டிக்கிட்டு இருக்கோம். போன் பண்ணாதே" என்று ஒரு மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

மாலுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் பெற்றோரையெல்லாம் சாலைக்கு எதிரே இருந்த சர்ச் ஹாலில் உட்கார வைத்தார்கள். யாரோ பீட்சா கொண்டுவந்து அடுக்கினார்கள். பீட்சாவாம்! பெற்ற வயிறு பற்றி எரியும்போது யாருக்கு இறங்கும்? சுட்டவன் செத்துவிட்டான் என்றார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பெற்றோரைக் கட்டிக்கொண்டார்கள். சில பெற்றோரை மட்டும் பாதிரியார் தோளைத் தொட்டுப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அவர் என் பக்கம் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஹோல்கம் என்று சட்டையில் பெயர் குத்திய போலீஸ்காரர் வந்தார். "கெல்சியோட அம்மா யாருங்க?"

நான் கையைத் தூக்கினேன்.

"உயிரோட இருக்கா மேடம். ஆனா கதவைத் திறக்கமாட்டேங்கறா."

"என்னது?"

"போலீஸ்னு கத்தினோம். 'அப்படின்னா சாவி போட்டுத் திறங்க'ங்கறா. சாவி வச்சிருந்த செக்யூரிட்டிக்குக் கால்ல குண்டடி. ஆம்புலன்ஸ்ல அவரோடயே சாவியும் போயிடுச்சு. உடைக்கலாம்னா, கதவுல சாஞ்சு குழந்தைங்க இருக்காங்களாம். நீங்க சொன்னா கேப்பா."

எனக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் நடத்தும் ஒத்திகை. விளக்கை அணை, சத்தம் போடாதே, யார் கூப்பிட்டாலும் திறக்காதே, காப்பாற்ற வருபவர்கள் சாவியோடு வருவார்கள். பச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற பாடமா இது என்று நான் தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டவள்.

ஹோல்கம் தன் போனை நீட்டினார். அந்தப் பக்கம் இன்னொரு போலீஸ்காரர் தன் போனைக் கதவோரம் பிடித்திருந்தார்.

"கெல்சி, அம்மா பேசறேன்டி."

உள்ளிருந்து சன்னமாக, "அம்மா, யாராவது துப்பாக்கியைக் காட்டிப் பேசச் சொல்றாங்களா?"

"இல்லடி! அந்தப் பாவி செத்துத் தொலைஞ்சான்."

"மிரட்டினா அப்படித்தானே சொல்லுவ? என்கூட ஆறு பேர் இருக்காங்கம்மா. ரெண்டு பேர் சின்னக் குழந்தைங்க. நான் திறந்து ஏதாவது ஆச்சுன்னா?"

அவள் அழவில்லை. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறவள்! ஹோல்கம் 'திறக்கச் சொல்லுங்க' என்று சைகை காட்டினார். எனக்கும் அந்த நிமிஷமே அவளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். திற என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"திறக்காதே," என்றேன்.

"மேடம்!"

"சும்மா இருய்யா! அவ சரியாத்தான் செய்யறா. ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்பிச் சாவியைக் கொண்டு வா. கெல்சி, கேக்குதா? சாவி வர்ற வரைக்கும், நானே வந்து கெஞ்சினாலும் திறக்காதே. நான் போன்லயே இருக்கேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். ஹோல்கம் என்னை முறைத்துவிட்டு ரேடியோவில் வண்டிக்குச் சொன்னார்.

நான் வாய் ஓயாமல் பேசினேன். உள்ளிருந்து ஒரு குழந்தை கேட்டது: "உங்கம்மா எப்பவும் இப்படித்தான் கத்துவாங்களா?"

"இன்னைக்குக் கம்மி," என்றாள் என் மகள்.

கடைசியில், "அம்மா, சாவி திரும்புது," என்றாள். கதவு திறந்தது, ஒரே அழுகையும் காலடிச் சத்தமும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஆறு பேரும் வெளிய போயிட்டாங்கம்மா. இப்ப நான் வரட்டுமா?"

"வாடி," என்றேன். "இப்போ வா."