மீட்டர்காரரின் பாட்டும் ஆஸ்பத்திரித் தெருவும்

தண்ணீர் மீட்டர் பார்க்கிறவரின் காதில் சோகப் பாட்டு ஓடினால் ஆஸ்பத்திரித் தெரு மேடாகும். துள்ளல் பாட்டு ஓடினால் இறக்கமாகும். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நகராட்சி இன்ஜினியரே வந்து அளந்து, ஒரு தாலாட்டுக்கு நான்கடி ஏற்றம் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இறக்கமான நாட்களில் சைக்கிள்காரர்கள் மிதிக்காமலே ஆஸ்பத்திரி வரை போனார்கள். மேடானால்தான் வம்பு, தெருக்கோடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பாட்ட மாத்துங்க! மேலெல்லாம் சோப்போட நிக்கிறேன்!" என்று தையற்காரி குளியலறை ஜன்னல் வழியாகக் கத்துவாள். அவரும் நல்ல மனுஷன், உடனே மாற்றிவிடுவார்.

அவர் மனைவியை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஐந்து. அந்தத் தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. மூன்றரைக்கு வேலையை முடித்து, இருப்பதிலேயே குதூகலமான பாட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். பாட்டு என்னவோ துள்ளும், தெரு அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். மனைவி காய் நறுக்கும்போது முனகாத பாட்டு ஒன்றாவது அவரிடம் இருந்தால்தானே! பதினொரு நாளும் வேர்த்து விறுவிறுத்து, மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். "எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க? நான் எங்க போயிடப் போறேன்?" என்று அவள் சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில், இன்று பொழுது தாண்டாது என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். அப்போதும் நாலு மணிக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்களாம். மீட்டர்காரர் யோசித்தார். குழாயை மூடினால் மீட்டர் முள் நிற்கும். முப்பது வருஷமாகக் கண்ணால் பார்த்த விஷயம். பாட்டை நிறுத்தினால் தெருவும் மட்டமாக நிற்கும் என்று முடிவுகட்டி, இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு மூன்றரைக்குக் கிளம்பினார். அங்கேதான் தப்பு செய்தார். காது காலியானதும் அத்தனை நாள் வெளியே நின்றிருந்த பயம் உள்ளே புகுந்துகொண்டது. தெரு சுவர் மாதிரி எழுந்தது. "யாராவது எதையாவது பாடுங்களேன்!" என்று வாய்விட்டு அழுதார். தையற்காரி மிஷினை நிறுத்திவிட்டுத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தொண்டை கட்டும்வரை பாடினாள். ஒரு சாண்கூடத் தெரு இறங்கவில்லை. வீட்டுக்கு வீடு கேட்டைப் பிடித்துப் பிடித்து அவர் மேலே ஏறினார். போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால்.

"நாலு மணிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றாள் நர்ஸ். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பாட்டைக் கேட்டாலும் தெரு இறங்கவில்லை. இன்ஜினியர் கோப்பை மூடினார். தெருக்கோடி வீடுகளுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தார்கள். வண்டி நிறுத்துகிறவர்கள் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்கள்.