சிவராமன் சாருக்கு ஓர் ஓடு

சிவராமன் சார் என் ஆய்வு வழிகாட்டி. எதற்கு வழிகாட்டினார் என்று கேட்டால், செம்பரம்பாக்கத்தில் எந்த மனை விலைக்கு வருகிறது என்பதற்கு. அந்த மனிதர் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் நான் எழுதிய இரண்டு கட்டுரைகளிலும் முதல் பெயர் அவருடையது. வெட்கம் மானம் எதுவும் கிடையாது.

மூன்றாவதை விடுவதாக இல்லை. ஸ்பிதி மலையிலிருந்து நானே சுமந்து வந்த சுண்ணாம்புக்கல், கார்பானிஃபெரஸ் காலத்தது, முப்பது கோடி வருடம் பழசு. அதை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்ததில் என் விரல் ரேகையே போய்விட்டது. ரேஷன் கடை மெஷின் என்னை யாரென்றே கேட்கிறது. அந்தக் கல்லுக்குள் ஒரு ஃபொராமினிஃபெரா, அதாவது கடலில் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிரின் ஓடு. கடுகில் பாதி இருக்கும். இனம் தெரிந்ததுதான், ஆனால் சுருளும் சுவரும் வேறு. எத்தனை துண்டு சீவிப் பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது. புதுத் துணையினம். அதை விவரித்த ஆள் நான் ஒருத்திதான் என்று இந்தத் தடவை அச்சில் வர வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

கட்டுரையைக் கொண்டுபோனேன். சார் போனில் யாரிடமோ கார்னர் பிளாட் பேசி முடித்துவிட்டு, முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"என்னம்மா ஹிபா, என் பேரக் காணோம்?"

"உள்ள இருக்கு சார். துணையினத்துக்கே உங்க பேருதான். சிவராமனி."

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ரெண்டு எடத்துலயும் போட்டுடலாமே?"

"அது வழக்கமில்ல சார். பேர் வெக்கிற ஆளே தன் பேர வெச்சுக்கிட்டா வெளிநாட்டுக்காரன் சிரிப்பான். உங்களுக்குக் கட்டுரைதான் முக்கியம்னா சொல்லுங்க, துணையினத்துக்கு வேற பேரு வெச்சிடறேன்."

"வேணாம் வேணாம். கட்டுரை இன்னும் நாலு வரும். இது காலத்துக்கும் நிக்கும்ல?"

"நிக்கும் சார்."

கட்டுரை என் பெயரில் மட்டும் போகலாம் என்ற சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். எந்தக் கல், என்ன உயிர் என்று ஒரு கேள்வி கிடையாது. விவரணையைப் புரட்டியிருந்தால், 'உருவில் சிறியது, சுவர் மெலிந்தது, உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்' என்று படித்திருப்பார். படிக்கிற ஆளா அவர்?

கட்டுரை வந்த வாரமே கல்லூரி வாசலில் பேனர் தொங்கியது. கோட்டு போட்ட சிவராமன், பக்கத்தில் அவரைவிடப் பெரிதாக அந்த ஓடு. எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. பூந்தமல்லியில் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் கதை முழுவதையும் நடித்தே காட்டினேன். தங்கை ஷிபா என் போனை வாங்கிக் கட்டுரையைப் படித்தாள்.

"சிவராமனி ஹிபா. இன்னாக்கா, அந்தாளு பேருக்குப் பின்னாடி உன் பேரு போட்டுகீது?"

"அது முறைடி. யாரு விவரிச்சாங்களோ அவங்க பேர அப்படித்தான் சேத்து எழுதணும்."

சொல்லும்போதே நாக்கு தடுமாறியது. எனக்குத் தெரியாத முறையா? ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அந்த ஆளைக் கவிழ்க்கிற அவசரத்தில் புத்தி புல் மேயப் போயிருந்தது.

"இந்தக் கட்டுரைல மட்டுமா?"

"யாரு எங்க எழுதினாலும்."

அம்மா கேக்கை வெட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப நீ மௌத்தாயி மண்ணுக்குள்ள போனப்புறமும் அந்தாளு பின்னாடியேதானா?"