ஜாமீன் கையெழுத்து

தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் வாடகை வீடு அமைந்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் அக்காதான். விடுதியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அந்தக் குடும்பத்தில் சம்பளச் சீட்டு வாங்குகிற ஒரே ஆள். இரண்டு வருட ஒப்பந்தம். ஏழாம் மாதம் முடிகையில், மணிக்கட்டு முறிந்த கையோடு தங்கை அக்காவின் ஒற்றை அறைக்கு ஓடிவந்தாள். அடுத்த வாரமே புருஷன் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுத் தலைமறைவானான்.

வீட்டு உரிமையாளர் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"அவனைத் தேட எனக்கு நேரமில்லம்மா. மிச்சம் பதினேழு மாச வாடகையும் உங்க தலையிலதான்."

"அந்த வீட்டுல நான் ஒரு நாள்கூடத் தூங்கினதில்லையே சார்!"

"கையெழுத்து உங்களோடதுதானே?"

இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மா ஒப்பந்தத்தைப் புரட்டினார். "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்புன்னு இருக்கு. மூணு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் முழுசா கேக்கலாம். அவர் கைக்கு எட்டுறது நீங்கதான்." அக்காவின் முகம் செத்துப்போனதைக் கண்டு குரலைத் தணித்தார். "வேற குடித்தனத்தை நீங்களே கூட்டிட்டு வாங்க. அவங்க வந்ததும் உங்க பொறுப்பு முடிஞ்சுதுன்னு எழுதி வாங்கிடுங்க."

வேலை முடிந்ததும் அக்கா ஆள் தேடி அலைந்தாள். வந்தவர்களெல்லாம் குளியலறைக் கதவைப் பார்த்ததும் நழுவினார்கள். அதன் கீழ்ப்பாதி பிளந்து தொங்கியது. மூன்றாம் மாதம் ஒரு நர்ஸும் அவள் அம்மாவும் வந்தார்கள். தண்ணீர், மின்சாரம் பற்றிக் கேட்டால் சொல்லத் தங்கையையும் அக்கா இழுத்து வந்திருந்தாள்.

"இந்தக் கதவு என்னாச்சு?" என்றாள் நர்ஸ்.

"ஈரத்துல ஊறிப்போச்சு" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"நான் உள்ள பூட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள் தங்கை. "அவர் உதைச்சாரு."

நர்ஸின் அம்மா மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.

"வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? பதினேழு மாசம்டி! என்னையே வித்தாலும் கட்ட முடியாது!"

"வழுக்கி விழுந்தேன், வழுக்கி விழுந்தேன்னு உன்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! இனிமே எனக்குப் பொய் வராதுக்கா."

அக்கா குளியலறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை தடவையும் அவள் நம்பியிருந்தாள். நம்புவது வசதியாக இருந்தது.

மூன்று நாள் கழித்து நர்ஸ் போன் செய்தாள். "அந்த ஆள் திரும்பி வருவாரா?"

"தெரியலம்மா" என்றாள் அக்கா. "பூட்டை மாத்தித் தர்றேன். கதவையும்."

அவர்கள் குடிவந்தார்கள். உரிமையாளர் முணுமுணுத்துக்கொண்டே விடுதலைச் சீட்டு எழுதிக்கொடுத்தார். ஆனால் வீடு காலியாகக் கிடந்த மூன்று மாத வாடகையை அவர் விடவில்லை. கையின் கட்டைப் பிரித்த வாரமே தங்கை சலவைக்கூடத்தில் துணி மடிக்கச் சேர்ந்திருந்தாள். இப்போது இருவர் சம்பளத்திலும் மாதாமாதம் கழிகிறது. ஓடிப்போனவனிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.